பதினாலாம் எண் பாறை

அறிவரசனை ஒரு இடத்தில் உட்கார வைக்க அவனைப் பெற்றவளாலும் முடியவில்லை, கட்டிக்கொண்டவளாலும் முடியவில்லை. பதினெட்டு வயதில் போர்வெல் போடும் ரிக் வண்டியில் ஏறியவன், இருபத்திரண்டு வருடம் ராஜஸ்தான், ஒடிசா, சத்தீஸ்கர் என்று சுற்றினான். தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும் மறுநாள் வேறு ஊர். அந்த ஓட்டம் அவன் உடம்புக்குப் பழகிப்போய்விட்டது. கம்ப்ரசர் இரைச்சலில் இடது காது மந்தமாகி, இனிமேல் ரிக் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்ன பிறகுதான் வேப்பந்தட்டைக்குத் திரும்பினான்.

திரும்பி மூன்றாவது வாரமே கால் ஆட ஆரம்பித்துவிட்டது. சோறு தின்னும்போது ஆடும். படுத்திருந்தால் கட்டிலோடு சேர்ந்து ஆடும். அவன் மனைவி வெற்றிச்செல்வி கடைவீதியில் தையல் கடை வைத்திருந்தாள். "என் மெஷினுகூட மத்தியானம் ஒரு மணி நேரம் நிக்குது. உங்க காலு நிக்க மாட்டேங்குதே" என்பாள்.

சும்மா இருக்க முடியாமல் அக்கம்பக்கத்து வயல்காடுகளில் போர்வெல் மோட்டார் இறக்குவது, ஏற்றுவது என்று போய்வந்துகொண்டிருந்தான். போர்க்குழிக்குள் ஸ்பேனரோ போல்ட்டோ விழுந்துவிட்டால் அவனைத்தான் கூப்பிடுவார்கள். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய வட்டக் காந்தம் ஒன்று அவனிடம் இருந்தது. அதைக் கயிற்றில் கட்டி இறக்கி, விழுந்ததைக் கவ்வி எடுத்துவிடுவான்.

மேகலாவை அவன் பார்த்தது ஓர் ஆடி மாதக் காற்றில், பச்சைமலை அடிவாரத்தில். கீழப்பழுவூர்ப் பெண். அப்பா நெல்லும் கரும்பும் போடுகிறவர். அவள் நிலவியலில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். மரம் அறுக்கும் மெஷின் மாதிரி ஒரு சின்ன பெட்ரோல் எஞ்சின், அதன் முனையில் பெருவிரல் பருமனில் ஒரு வைரப் பல் குழாய். அதைப் பாறைக்குள் இறக்கப் பார்த்து, பாதியில் குழாய் சிக்கிக்கொண்டு, வெளியே வராமல் நின்றுகொண்டிருந்தாள். டூவீலரில் போய்க்கொண்டிருந்த அறிவரசன் நிறுத்தினான்.

"தண்ணி பத்தல மேடம். கல்லுத் தூளு உள்ளயே இறுகிப்போச்சு. எஞ்சினை அணைச்சுட்டு இப்படி விடுங்க."

அஞ்சு நிமிடத்தில் குழாயை வெளியே எடுத்துக் கொடுத்தான். அதற்குள்ளிருந்து ஒரு கல் உருளை வழுக்கி விழுந்தது, சாக்பீஸை விடக் கொஞ்சம் தடிமனாக. ஆயிரம் அடி துளைத்தவனுக்கு மூன்று அங்குலக் கல்லுக்காக ஒருத்தி இப்படி அல்லாடுவது புரியவில்லை.

"இதை வச்சு என்ன செய்வீங்க?"

"இந்த நிலம் எங்கேருந்து வந்துச்சுன்னு கேப்பேன்."

அவள் கேலி பேசவில்லை. அன்று சாயங்காலம் வரை அவளுக்குத் துளைத்துக் கொடுத்தான். மறுநாளும் போனான். அதற்கு மறுநாளும். மாதக் கணக்கில் அதுவே அவன் வேலையாகிவிட்டது. தினம் ஒரு பாறை, தினம் ஒரு ஊர் எல்லை. ஆடிக்கொண்டிருந்த கால் அந்த நாட்களில் கொஞ்சம் அடங்கியிருந்தது.

கல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத இரும்புத் துகள்கள் இருக்கின்றன என்று மேகலா சொன்னாள். உருகிக் கிடந்த கல் ஆறும்போது, அன்றைக்குப் பூமியின் காந்த வடக்கு எங்கே இருந்ததோ அந்தத் திசையைப் பார்த்தபடி அவை உறைந்துபோகும். பிறகு அந்த நிலம் நகர்ந்தாலும் திரும்பினாலும் கல்லும் கூடவே திரும்பும். ஆனால் உள்ளே உறைந்த திசை மாறாது.

"நாம நிக்கிற இந்த ஊரெல்லாம் ஒரே துண்டா இருந்தது இல்லண்ணே. வேற வேற நிலத்துண்டு நகந்து வந்து, பெரிய கண்டத்தோட முட்டி ஒட்டியிருக்கு. அம்பது அறுபது கோடி வருசம் முன்னாடி காவிரி ஒட்டி அப்படி ஒண்ணு நடந்துச்சுன்னு நெறைய பேர் சொல்றாங்க. எங்க ஒட்டுச்சு, எப்ப ஒட்டுச்சு, நேரா வந்துச்சா திரும்பி வந்துச்சான்னு இன்னும் சண்டை போட்டுக்கிட்டுதான் இருக்காங்க. ஆத்துக்கு வடக்க இருக்கற கல்லும் தெக்க இருக்கற கல்லும் எந்தப் பக்கம் பாக்குதுன்னு தெரிஞ்சா, கொஞ்சம் சொல்லிடலாம்."

அதனால் கல்லை எடுப்பதை விட, எடுப்பதற்கு முன் அது பாறையில் எந்தத் திசையில் இருந்தது என்று குறிப்பதுதான் முக்கியம். துளைத்த குழிக்குள் ஒரு பித்தளைக் குழாயை விட்டு, அதன் தலையில் இருக்கும் காம்பஸைப் பார்த்து, கல்லின் மேல் ஒரு கோடு கீற வேண்டும். பித்தளை ஏன் என்றால் அது காம்பஸ் முள்ளை இழுக்காது. போன், கத்தி, சாவிக்கொத்து எல்லாவற்றையும் காரிலேயே வைத்துவிட வேண்டும் என்று முதல் நாளே சொல்லியிருந்தாள். வெயில் இருந்தால் காம்பஸோடு ஓர் ஊசியின் நிழலையும் பார்த்து, மணியைக் குறித்துக்கொள்வாள். நிழலை எந்தக் காந்தத்தாலும் ஏமாற்ற முடியாது.

ஐப்பசியில் பதினாலாம் எண் பாறைக்குப் போனார்கள். வாலிகண்டபுரத்துக்கு வடமேற்கே, ஒரு கல் குவாரியின் ஓரம். சாம்பல் கல்லைப் பிளந்துகொண்டு கறுப்புக் கல் ஒரு சுவர் மாதிரி நீளமாக ஓடியது. வானம் மூடிக் கிடந்தது. மேகலாவுக்குக் காய்ச்சல், கண்ணெல்லாம் சிவந்திருந்தது. அறிவரசன் அன்று விடிந்ததும் ஒரு மக்காச்சோளக் காட்டில் போரில் விழுந்த ஸ்பேனரை எடுத்துக் கொடுத்துவிட்டு, நேராக அங்கே வந்திருந்தான்.

"அண்ணே, என்னால குனிய முடியல. நீங்களே பாத்துச் சொல்லுங்க, நான் எழுதிக்கறேன்" என்று பத்தடி தள்ளி ஒரு கல்லில் உட்கார்ந்தாள்.

அதற்குள் அவனுக்கு எல்லாம் அத்துப்படி. ஒன்பது குழி துளைத்தான். ஒவ்வொரு குழிக்கும் மண்டி போட்டு, காம்பஸைப் பார்த்து, எண்ணைச் சொன்னான். ஒன்பதாவது கல்லை எடுத்துப் பையில் போடும்போது தூறல் விழுந்தது. அவசரமாகச் சாமான்களைக் கட்டினான். மண்டி போட்டிருந்த தொடைக்கு மேலே, பேண்ட் பையோடு ஸ்பேனர் ஒன்று போய் ஒட்டிக்கொண்டது. கையை விட்டுப் பார்த்தான். காலையில் போட்ட காந்தம்.

மேகலா அதற்குள் காரில் ஏறிக் கண்ணை மூடிக் கிடந்தாள். அவன் சொல்ல வாயெடுத்தான். மழை வலுத்தது. இருபது முப்பது பாறையில் ஒன்றுதானே, இதனால் என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்தான். காந்தத்தைத் துணியில் சுற்றி டூவீலர் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினான்.

மேகலா கற்களைப் பெட்டிகளில் அடைத்துக்கொண்டு வடக்கே ஒரு லேபுக்குப் போனாள். இரண்டரை மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது பொங்கல் நெருங்கியிருந்தது. பெரம்பலூரில் அவள் வாடகைக்கு எடுத்திருந்த அறைக்குப் பெட்டிகளை ஏற்றிவைக்க அறிவரசன் போனான். அவள் முகம் அப்படி மலர்ந்து அவன் பார்த்ததில்லை.

"பதினாலாம் நம்பர் என்ன சொல்லுது தெரியுமாண்ணே? மத்த கல்லு எல்லாம் ஒரு பக்கம் பாக்குது. இது மட்டும் முப்பத்தஞ்சு டிகிரி தள்ளிப் பாக்குது. அங்க ஒரு துண்டு தனியாத் திரும்பி வந்து ஒட்டியிருக்கு. இதுவரைக்கும் யாரும் சொல்லாதது. அடுத்த வியாழக்கிழமை டிபார்ட்மென்ட்ல இதைத்தான் பேசப்போறேன்."

அறிவரசன் தூக்கிய பெட்டியைக் கீழே வைக்க மறந்து நின்றான். அப்போது அவளுடைய பேராசிரியர் போனில் வந்தார். அவள் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் காகிதங்களைப் புரட்டினாள்.

"சிதறல் கொஞ்சம் அதிகமா இருக்கேம்மா" என்றது குரல்.

"ஆமா சார். ஆனா ஒம்பதும் ஒரே பக்கம்தான் தள்ளியிருக்கு."

"சரி. கறுப்புக் கல்லைச் சுத்தி இருக்கற பாறையோட வரி? அது எந்தப் பக்கம் ஓடுது?"

"அது மத்த எடம் மாதிரிதான் சார். வடகிழக்கா."

"நிலம் திரும்பியிருந்தா வரியும் சேந்துதானே திரும்பணும்? காந்தம் திரும்பியிருக்கு, வரி ஏன் திரும்பல? யோசிச்சு வை. கேப்பாங்க."

பாறையில் கோடு கோடாக ஓடும் அந்த வரியை மேகலா புரட்டாசியிலேயே தனியாகப் போய் அளந்திருந்தாள். அன்று அவள் பக்கத்தில் யாரும் இல்லை. யார் பையிலும் எதுவும் இல்லை. அந்தக் கேள்விக்குப் பதில் அந்த அறையிலேயே பெட்டியைச் சுமந்துகொண்டு நின்றது. "வரேன் மேடம்" என்று மட்டும் சொல்லிவிட்டு அவன் கீழே இறங்கினான்.

பொங்கல் வந்து போனது. அறிவரசன் கரும்பைக் கடித்து அப்படியே வைத்தான். டூவீலரை எடுத்துக்கொண்டு காரணமில்லாமல் கிருஷ்ணாபுரம் வரை போனான், வந்தான். செல்வி கேட்டதற்கு வண்டியில் ஏதோ சத்தம் வருகிறது, ஓட்டிப் பார்க்கிறேன் என்றான். ஒரே நாளில் நான்கு தடவை ஓட்டிப் பார்த்தான்.

திங்கட்கிழமை திருச்செங்கோட்டிலிருந்து பழைய ரிக் முதலாளி கூப்பிட்டார். ராய்ப்பூரில் ஆள் இல்லை, புதன்கிழமை வண்டி கிளம்புகிறது, காது மந்தமானால் என்ன, கை நன்றாகத்தானே இருக்கிறது என்றார். யோசிக்காமல் வருகிறேன் என்று சொல்லிவிட்டான். செவ்வாய்க்கிழமை காலையில் பையில் துணி வைத்தான். செல்வி கடைக்குப் போகாமல் வீட்டிலேயே ஒரு ஜாக்கெட் துணியை விரித்து வெட்டிக்கொண்டிருந்தாள்.

"டாக்டர் சொன்னது மறந்துபோச்சா?"

"ஒரு ரெண்டு மாசம்தான்."

"யாருகிட்டேருந்து ஓடுறீங்க?"

அவன் கட்டிலில் உட்கார்ந்தான். கால் ஆடியது. எல்லாவற்றையும் சொன்னான், காந்தத்தை, மழையை, முப்பத்தைந்து டிகிரியை. அவளுக்குக் கல் விஷயம் பாதி புரிந்தது, ஆள் விஷயம் முழுதாகப் புரிந்தது.

"நானும் அளவு தப்பா எடுத்து வெட்டியிருக்கேன்" என்றாள் கத்திரிக்கோலைக் கீழே வைக்காமல். "வெட்டுன துணி வெட்டுனதுதான். ஆனா அதைப் போட்டுக்கிட்டு அவங்க கல்யாணத்துக்குப் போய் நிக்கறதுக்கு முன்னாடி சொல்லிடுவேன். திட்டுவாங்க. திட்டட்டும்."

அவன் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான். ஆத்தூர் பஸ் வந்தது. ஏறினான், டிக்கெட்டும் எடுத்தான். அடுத்த நிறுத்தத்தில் யாரோ இறங்கினார்கள். கண்டக்டர் விசில் ஊதுவதற்குள் அவனும் குதித்து இறங்கினான். சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் நின்றான். பெரம்பலூர் பஸ் வர இருபது நிமிடம் ஆனது. அந்த இருபது நிமிடமும் நடந்துகொண்டே இருந்தான்.

பெரம்பலூரில் மாறி, அரியலூரில் மாறி, சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் பஸ் ஊர்ந்து, கீழப்பழுவூரில் அவன் இறங்கும்போது பதினொன்றரை. பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்த மேகலா, வீட்டுக் கூடத்தில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திரையில் தமிழ்நாட்டுப் படம், அதன் நடுவில் ஒரு சிவப்பு அம்பு திரும்பி நின்றது.

"வாங்கண்ணே. என்ன இவ்வளவு தூரம், பையோட?"

உட்கார்ந்தால் சொல்ல வராது என்று நின்றபடியே சொன்னான். "பதினாலாம் நம்பர் அன்னைக்கு என் பேண்ட் பையில காந்தம் இருந்துச்சு மேடம். ஸ்பீக்கர் காந்தம். காலைல ஒரு போர் வேலைக்குப் போயிட்டு அப்படியே வந்துட்டேன். ஒம்பது கல்லும் எடுத்து முடிச்ச பொறவுதான் பாத்தேன்."

மேகலா அவனைப் பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்தாள்.

"அன்னைக்கே தெரியுமா?"

"தெரியும்."

"மூணு மாசமாத் தெரியும்."

"ஆமா மேடம்."

அவள் கத்தவில்லை. லேப்டாப்பை மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள். உள்ளேயிருந்து அவள் அம்மா காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். யாரும் எடுக்கவில்லை.

"உங்கள நம்பித்தாண்ணே காம்பஸைக் கையில குடுத்தேன். அன்னைக்குச் சொல்லியிருந்தா மறுவாரமே போய்ப் பாத்திருப்பேன். முடிஞ்சிருக்கும். இப்ப இதை வச்சு நான் ஒரு கட்டுரையே எழுதி வச்சிருக்கேன்."

அறிவரசன் பையைக் கீழே இறக்கி வைத்தான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திடீரென்று அவள் நிமிர்ந்தாள்.

"குழி இருக்குல்ல? கல்லைத்தானே எடுத்தோம், குழி பாறையிலயேதானே இருக்கும்? குழி எந்தப் பக்கம் போகுதுன்னு திரும்ப அளந்தா போதும். எத்தனை டிகிரி தப்புன்னு தெரிஞ்சுடும்."

"குவாரிக்காரங்க அந்தப் பக்கம் வெடி வக்கறதாப் பேசிக்கிட்டாங்க மேடம்."

"எப்ப?"

"பொங்கலுக்கு முன்னாடி."

அவள் கார்ச் சாவியை எடுத்துவிட்டாள்.

வழியில் பெரம்பலூர் அறையில் நிறுத்தி, பித்தளைக் குழாயையும் பழைய நோட்டையும் எடுத்துக்கொண்டாள். அறிவரசன் வானத்தைப் பார்த்துக்கொண்டே வந்தான். மேகம் இல்லை. தை மாத வெயில் சுள்ளென்று அடித்தது. அதுவரைக்கும் நல்லது.

குவாரியில் சூப்பர்வைசர் பழனிவேல் கைகாட்டி நிறுத்தினார். அறிவரசனுக்குத் தெரிந்த ஆள்தான். "உள்ள போகாதீங்க. மேலப் பக்கம் நாலு மணிக்கு வெடி. மூணே முக்காலுக்கு ஒரு ஆள் இங்க இருக்கக்கூடாது."

மணி இரண்டரை. "அந்தக் கறுப்புக் கல்லு சுவரு?" என்று கேட்டான் அறிவரசன்.

"அதுல பாதி போன வாரமே போயிடுச்சே. மீதி அடுத்த வாரம்."

ஓடினார்கள். கறுப்புச் சுவர் நின்ற இடத்தில் பாதிக்கு மேல் வெறும் பள்ளம். ஜல்லி உடைக்கும் கிரஷருக்குப் போகாத கற்கள் குவிந்து கிடந்தன. மீதிப் பாறையில் புழுதியைக் கையால் தட்டித் தட்டித் தேடினான். ஒரு குழி. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. ஓரமாக இரண்டு. ஒன்பதில் நான்கு மிஞ்சியிருந்தன.

மேகலா ஓரத்துக் குழிகளில் ஒன்று இருந்த கல்லின் அடியில் விரலை விட்டுப் பார்த்தாள். "இது வெடியில பெயர்ந்திருக்கு. வேணாம். மத்த மூணும் அசையல." பிறகு அவனிடம் திரும்பினாள். "எல்லாத்தையும் கழட்டி வச்சுட்டு அங்க போய் நில்லுங்க. வாட்ச் மட்டும் கையில இருக்கட்டும். நான் கேக்கும்போது மணி சொல்லணும், நொடியோட."

அவன் இருபதடி தள்ளி நின்றான். பெல்ட்டைக்கூடக் கழற்றியிருந்தான். அவள் பித்தளைக் குழாயைக் குழிக்குள் விட்டு, மட்டம் பார்த்து, ஊசியின் நிழல் விழும் இடத்தைக் குறித்தாள்.

"மணி?"

"ரெண்டு அம்பத்தொண்ணு, பன்னண்டு."

ஒவ்வொரு குழிக்கும் மூன்று தடவை நிழல், மூன்று தடவை காம்பஸ். இரண்டும் அதிக வித்தியாசமில்லாமல் ஒத்துப்போயின. ஐப்பசியில் எழுதிய நோட்டை விரித்து வைத்தாள். முதல் குழிக்கு அன்று அவன் சொன்ன எண்ணுக்கும் இன்றைக்கும் முப்பத்திரண்டு டிகிரி வித்தியாசம். இரண்டாவதுக்கு இருபத்தெட்டு. மூன்றாவதுக்கு நாற்பத்தொன்று. எல்லாமே ஒரே பக்கம்.

பழனிவேல் விசில் ஊதிக்கொண்டே வந்தார். மேகலா நோட்டை மடியில் வைத்துக்கொண்டு பாறையிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"ஒண்ணும் திரும்பலண்ணே. மத்த கல்லு பாக்குற பக்கம்தான் இதுவும் பாக்குது. தனித் துண்டும் இல்ல, ஒண்ணும் இல்ல."

"என்னால உங்க வேலை போச்சு மேடம்."

"இல்லாத ஒண்ணுதான் போச்சு" என்றாள். நோட்டை மூடிக்கொண்டு எழுந்தாள். "வாங்க, போலாம். விசில் ஊதுறாங்க."

நாலு மணிக்குக் காரில் பெரம்பலூர் ரோட்டில் போகும்போது வெடிச் சத்தம் கேட்டது. அவனுக்கு வலது காதில் மட்டும்.

வியாழக்கிழமை மேகலா பழைய படத்தையும் புதிய கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசினாளாம். யாருடைய பெயரையும் சொல்லவில்லை, காம்பஸ் பக்கத்தில் ஒரு காந்தம் இருந்தது என்று மட்டும் சொன்னாளாம். ஆறு குழியைத் திரும்ப அளக்க முடியாததால் அந்த ஆறு கல்லையும் கணக்கிலிருந்து தள்ளிவிட்டாள். ஆராய்ச்சி முடிய இன்னும் ஒரு வருடம் கூடியது. இதெல்லாம் அறிவரசனுக்குப் பிற்பாடு தெரிந்தவை. அப்போதைக்கு அவனுக்கு அவளிடமிருந்து போனே வரவில்லை. ராய்ப்பூர் வண்டி அவன் இல்லாமலே போய்விட்டது. மாசி முழுவதும் மோட்டார் இறக்கினான், ஏற்றினான். வேறு வேலை எதிலும் மனம் ஒட்டவில்லை. போன் அடிக்கும்போதெல்லாம் பார்த்துவிட்டுப் பையில் போட்டான்.

பங்குனியில் கூப்பிட்டாள். "காவிரிக்குத் தெக்க பதினோரு எடம் பாக்கி இருக்கு. வேற ஒரு ஆளை வச்சுப் பாத்தேன், நாலு வைரப் பல் குழாயை உடைச்சுட்டாரு. வரீங்களா?"

"வரேன் மேடம்."

"துளைக்கிறது மட்டும் நீங்க. காம்பஸை நான் பாத்துக்கறேன்."

"சரி மேடம்."

முதல் நான்கு பாறைகளிலும் அப்படித்தான் நடந்தது. அவன் துளைத்துவிட்டுத் தள்ளிப் போய் நிற்பான், அவள் குனிந்து பார்ப்பாள். அவளாகக் கூப்பிடாமல் கிட்டே போக மாட்டான். ஐந்தாவது பாறையில், நல்ல வெயில், அவள் நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"இனிமே நான் ஒரு தடவை பாக்கறேன், நீங்க ஒரு தடவை பாருங்க. ரெண்டும் சேந்தாதான் எழுதுவேன்."

அவன் சட்டைப் பை, பேண்ட் பை எல்லாவற்றையும் வெளியே இழுத்துக் காட்டிவிட்டு வந்தான். அந்தத் தை மாதத்துக்குப் பிறகு அவள் முதல் தடவையாகச் சிரித்தாள். இரண்டு பேர் எண்ணும் ஒரு டிகிரிக்குள் சேர்ந்தன.

தெற்குப் பக்கத்துக் கற்கள் லேபுக்குப் போய் வந்துவிட்டன. மூன்று பாறைகள் வடக்குப் பக்கத்தோடு சேராமல் வேறு திசை பார்க்கின்றன. இந்தத் தடவை பாறையின் வரியும் கூடவே திரும்பியிருக்கிறது. ஆனாலும் மேகலா யாரிடமும் வாய் திறக்கவில்லை. இன்னொரு தடவை போய் எல்லாக் குழியையும் நிழல் வைத்து அளக்காமல் பேச மாட்டேன் என்றாள். திங்கட்கிழமை கிளம்புகிறார்கள். வெள்ளிக்கிழமையே அறிவரசன் பையைக் கட்டி வாசலில் வைத்துவிட்டான். இன்னும் மூன்று நாள் இருக்கிறதே என்று செல்வி கேட்டதற்கு, மழை வந்துவிட்டால் நிழல் விழாது என்று சொல்லிவிட்டு, நான்காவது தடவையாக வானத்தைப் பார்க்க வெளியே போனான்.